தொட்டால் உதிர்ந்த சுவர்!

சென்னை, புளியந்தோப்பில் கே.பி. பூங்கா என்று ஓர் இடம். அங்கே குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில், 2021 ஆகஸ்டில், கையால் தொட்டாலே சுவரின் சிமென்ட் பூச்சு பொலபொலவென உதிர்ந்தது. அந்த வீடியோ ஊரெல்லாம் பரவியது.

அதைப் பார்க்கும் ஒருவர், 'ஐயோ, கட்டடமே விழப்போகுது!' என்பார். இன்னொருவர், 'வெறும் பூச்சுதானே!' என்பார். யார் சொல்வது சரி?

மாடிகளைத் தாங்குவது பூச்சு அல்ல. கான்கிரீட்டும் அதற்குள் இருக்கும் கம்பியும்தான். வீடியோவில் தெரிவது பூச்சு மட்டுமே. ஆக, முதலாமவர் அவசரப்படுகிறார்.

இரண்டாமவர்? கலவையில் சிமென்ட் குறைந்தாலோ, பூசிய பின் போதிய நாள் தண்ணீர் ஊற்றாவிட்டாலோ இப்படி உதிரலாம். பூச்சில் கோட்டை விட்டவர், உள்ளே கம்பியை ஒழுங்காகக் கட்டினார் என்பதற்கு என்ன சாட்சி? அந்த, 'வெறும்' என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. அங்கே குடியிருப்பது அவர் அல்லவே!

கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாததால்தான், சென்னை ஐ.ஐ.டி., வல்லுநர்களிடம் ஆய்வை ஒப்படைத்தது அரசு. பொறியாளர்கள் இருவர், 'சஸ்பெண்ட்' செய்யப்பட்டனர்.

நாளை வகுப்பில், 'அவன்தான் என் பேனாவை எடுத்தான். நானே பார்த்தேன்' என்று யாராவது சொன்னால், 'எதைப் பார்த்தாய்? எடுத்ததையா, அவன் கையில் பேனா இருந்ததையா?' என்று கேட்டுப் பாருங்களேன்!