டேங்கைப் பெருசாக்கினா வீடு வந்து சேருவோமா?

பனியை நான் ஃப்ரீசருக்கு வெளியே பார்த்ததே இல்லை. அப்புறம் ஸ்னோமொபைலைப் பத்தி எழுத உனக்கு என்ன தகுதின்னு கேட்டா, நியாயமான கேள்விதான். ஹாஸ்டல்ல ஒரு நாள் ஸ்னோமொபைல் வீடியோ ஓடிட்டு இருந்தப்போ, "இதோட ரேஞ்சை எப்படிக் கூட்டுவீங்க?"ன்னு ரூம்ல கேட்டேன். நாலு மெக்கானிக்கல் பசங்களும் ஒரே குரல்ல சொன்னாங்க: "டேங்கைப் பெருசாக்கிடு மச்சான், அவ்ளோதான்." இந்தக் கட்டுரை அந்த "அவ்ளோதான்"-க்கு எதிரானது.

முதல்ல எதுக்கு இவ்வளவு கவலைன்னு சொல்லிடறேன். ஸ்னோமொபைல்னா முன்னால ரெண்டு ஸ்கீ, பின்னால சுத்துற ரப்பர் டிராக், நடுவுல ஒரு பெட்ரோல் இன்ஜின். கனடாவின் கியூபெக்கில் ஜோசப்-அர்மான் பொம்பார்டியேவின் நிறுவனம் 1959-ல் ஸ்கி-டூவை விற்க ஆரம்பிச்சது. அடுத்த சில வருஷங்கள்ல வட கனடாவின் இனுயிட் வேட்டைக்காரர்கள் நாய் வண்டியிலிருந்து இதுக்கு மாறினாங்க. நாய்களுக்கு வழியில வேட்டையாடியே தீனி போடலாம். இன்ஜினுக்கு அப்படி முடியாது. மைனஸ் 30 டிகிரியில் நடுவழியில பெட்ரோல் தீர்ந்தா, 200 கிலோவுக்கு மேல இருக்கிற வண்டியைத் தள்ளிட்டுப் போக பக்கத்துல பங்க் கிடையாது. அங்கே ரேஞ்ச் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. டேங்க் 40 லிட்டர், இறுகிய பாதையில லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கிடைக்குதுன்னு வெச்சுக்குவோம். மொத்தம் 240. அதனால 120 போயிட்டு 120 திரும்பி வரலாம்னு மனசு சொல்லும். ஆனா திரும்பும்போது புதுப் பனி கொட்டியிருக்கு. டிராக் புதையுது, சறுக்குது, மைலேஜ் பாதியாகி 3-க்கு வந்துடுது. மிச்சம் இருக்கிற 20 லிட்டர்ல 60 கிலோமீட்டர்தான் வர முடியும். வீடு இன்னும் 60 கிலோமீட்டர் தூரத்துல.

சரி, டேங்கை 60 லிட்டர் ஆக்கிடுவோம். அதே மனசு இப்போ 180 போகச் சொல்லும். மிச்சம் 30 லிட்டர், வர முடிஞ்சது 90. வீடு 90 கிலோமீட்டர் தூரத்துல! காசு செலவு பண்ணி, இன்னும் தள்ளிப் போய் மாட்டிக்கிட்டோம். நம்ம கணக்குதான் தப்பு. அதை மாத்தாம டேங்கை மட்டும் மாத்தினா, தப்பும் சேர்ந்து பெருசாகுது.

எது சரியான கணக்கு? பழைய மூணுல ஒரு பங்கு விதி. போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு. 40 லிட்டர்ல மூணுல ஒரு பங்குக்கு 80 கிலோமீட்டர் போகலாம். திரும்பும்போது மைலேஜ் பாதியானாலும் மிச்சம் இருக்கிற ரெண்டு பங்குல அதே 80 வரும். சரியா வீட்டு வாசல். அப்போ இந்த வண்டியோட உண்மையான எல்லை 80தான், 120 இல்லை. இந்த 80-ஐக் கூட்டுறதுதான் இன்ஜினியர் வேலை.

இங்கேதான் சுவாரஸ்யம். நல்ல பாதை மைலேஜை 6-லிருந்து 8 ஆக்கினா எல்லை 87தான் ஆகுது. மோசமான பனி மைலேஜை 3-லிருந்து 4 ஆக்கினா 96. நல்ல நாளுக்கு ரெண்டு கூட்டுறதை விட கெட்ட நாளுக்கு ஒண்ணு கூட்டுறது மேல்.

அதுக்கு வழிகள் இருக்கு. கார்புரேட்டர் வெச்ச டூ-ஸ்ட்ரோக்ல, சிலிண்டருக்குள்ள வர்ற புதுக் கலவையில ஒரு பகுதி எரியாமலே எக்ஸாஸ்ட் வழியா வெளியே போயிடும்னு செகண்ட் இயர்லயே படிச்சோம். டைரக்ட் இன்ஜெக்‌ஷனோ ஃபோர்-ஸ்ட்ரோக்கோ அந்த நஷ்டத்தை எல்லா நாளும் குறைக்கும். ஆழமான பனிக்கு ஏத்த அகலமான ஸ்கீ, நீளமான டிராக், குறைவான சுமை இருந்தா வண்டி புதையறது குறையும். காசே செலவில்லாத வழியும் உண்டு: போன தடத்துலயே திரும்பி வர்றது. அழுத்தப்பட்ட பனி சில மணி நேரத்துல இறுகிடும். வேகத்தை 80-லிருந்து 60-க்குக் குறைச்சா, அதே தூரத்துக்குக் காற்றை எதிர்க்கச் செலவாகிறது கிட்டத்தட்ட பாதிதான். மைனஸ் 30-ல் காற்று, 20 டிகிரியில் இருக்கிறதை விட ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி அதிகம்னும் ஞாபகம் வெச்சுக்கணும்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்யணும். மூணுல ஒரு பங்கு விதியோட 60 லிட்டர் எடுத்துட்டுப் போனா எல்லை 120 ஆகும், பொய் சொல்ல மாட்டேன். கூடுதல் 20 லிட்டர் சுமார் 15 கிலோதான். ஆனா அந்த 20-ஐ டேங்கோட சேர்க்காம தனித்தனி கேன்ல வைங்கன்னு சொல்வேன். ஒரு இடத்துல ஒழுகினா எல்லாம் போகாது. ஒரு கேனைப் போகிற வழியிலேயே கொடி நட்டு வெச்சுட்டா, திரும்பும்போது அது காத்திருக்கும், அதுவரை சுமக்கவும் வேண்டாம். 1968-ல் ரால்ஃப் பிளேஸ்டெட் குழு ஸ்கி-டூவிலேயே வட துருவம் போனப்பவும் விமானம்தான் அவங்களுக்கு வழியில சப்ளை கொண்டு வந்து கொடுத்தது. அவ்வளவு பெரிய டேங்க் எந்த வண்டியிலயும் இல்லை.

நம்ம காலேஜ் பசங்க பாஹா போட்டிக்கு வண்டி கட்டுறாங்களே, அதே எஸ்ஏஇ அமெரிக்காவுல மாணவர்களுக்காகவே கிளீன் ஸ்னோமொபைல் சேலஞ்ச்னு ஒண்ணு 2000-ல் ஆரம்பிச்சது. புகை, சத்தம், எரிபொருள் சிக்கனம் எல்லாத்துக்கும் மார்க் உண்டு. என் ஆசை எல்லாம், விற்கிற ஒவ்வொரு வண்டியிலயும் ரெண்டு எண் அச்சடிக்கணும்: நல்ல பாதையில எவ்வளவு, சுமையோட புதுப் பனியில எவ்வளவு. ஓட்டுறவர் ரெண்டாவது எண்ணைப் பார்த்துக் கிளம்பட்டும்.

அடுத்த தடவை ரூம்ல யாராவது "டேங்கைப் பெருசாக்கு"ன்னா, நான் கேட்கப் போறது ஒண்ணுதான்: "சரி மச்சான், திரும்பி வர எவ்வளவு வெச்சிருக்க?"