ரோடு அகலமாகுது... 1,079 வீடுகள் காலியாகுது! ஹூஸ்டன் ஐ-45 திட்டத்தில் என்ன சிக்கல்?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் உள்ள ஹூஸ்டன் நகரில், நெரிசலைக் குறைக்க ஐ-45 நெடுஞ்சாலையை விரிவாக்குகிறது மாகாண போக்குவரத்துத் துறை. இதை எதிர்த்து ஹாரிஸ் கவுண்டி நிர்வாகமே கோர்ட்டுக்குப் போனது. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி.

யாருக்குப் பாதிப்பு?

2020 சுற்றுச்சூழல் அறிக்கைப்படி 1,079 வீடுகள், 344 வணிக நிறுவனங்கள், 5 வழிபாட்டுத் தலங்கள், 2 பள்ளிகள் இடம் மாற வேண்டும். கறுப்பினத்தவரும் ஹிஸ்பானிக் மக்களும் அதிகம் வசிக்கும் பகுதிகள் இவை.

இழப்பீடு உண்டா?

உண்டு. சொந்த வீட்டுக்குச் சந்தை விலை கிடைக்கும். வாடகைக்கு இருப்பவர்களுக்குப் புது வீட்டில் வாடகை கூடினால், 42 மாதத்துக்கான வித்தியாசம் உதவித்தொகையாகக் கணக்கிடப்படும். அதுக்கப்புறம்? முழு வாடகையும் அவங்க பொறுப்புதான்.

வழக்கு என்ன ஆச்சு?

2021 மார்ச்சில் கவுண்டி வழக்கு போட்டது. சிவில் உரிமைப் புகார்களால் மத்திய அரசும் திட்டத்தை நிறுத்தி வைத்தது. 2022 டிசம்பரில் வழக்கு வாபஸ். 2023 மார்ச்சில் மத்திய அரசுடன் ஒப்பந்தம்: குறைந்த விலை வீடுகளுக்கு 3 கோடி டாலர், கூடவே வடிகால், பூங்கா வசதிகள். 2024-ல் பணிகள் தொடங்கின.

நெரிசல் குறையுமா?

அதே ஊரின் கேட்டி ஃப்ரீவே 2008-ல் விரிவாக்கப்பட்டது. சர்வீஸ் ரோட்டையும் சேர்த்தால் சில இடங்களில் 26 லேன். ஆனாலும் சில வருஷத்திலேயே பீக் ஹவர் பயண நேரம் மறுபடி கூடிவிட்டது. ரோடு பெருசானதும் வண்டிகளும் பெருகியதே காரணம்.

புறநகரிலிருந்து காரில் வருபவருக்குச் சில நிமிடங்கள் மிச்சமாகலாம். அதுக்காக வீட்டைக் காலி செய்வது ரோட்டோரம் குடியிருப்பவர்தான்.