கதைத்தல் பிழையா?

கனடாவிற் பிறந்த உறவுக்காரப் பையன் ஒருவன், பருத்தித்துறையிலுள்ள தன் அம்மம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, "அம்மம்மா, பேசுங்கோ" என்றானாம். கிழவி திகைத்துப்போய், "நான் ஏன் ராசா உன்னைப் பேசப்போறன்? நீ என்ன பிழை செய்தனீ?" என்று கேட்டாராம். 'கதைத்தல்' கொச்சை, 'பேசுதல்' என்பதே நல்ல தமிழ் என்று அங்குள்ள தமிழ் வகுப்பில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் 'பேசுதல்' ஏசுதலையும் குறிக்கும் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்கள்!

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு என்னாற் போக முடியவில்லை. தன் அம்மம்மாவோடு உரையாட அவனுக்கிருந்த ஒரேயொரு வினைச்சொல்லையும் நாம் பறித்துவிட்டோம் அல்லவா?

'கதைத்தல்' மீது சுமத்தப்படும் குற்றங்கள் இரண்டு. தமிழகத்தில் 'கதை விடுதல்' என்பது பொய் சொல்லுதல். ஆகவே அது மதிப்பான சொல்லன்று என்பது ஒன்று. 'கதை' வடசொல் என்பது மற்றொன்று.

முதலாவது, அயலவர் காதை நம் நாவுக்கு நீதிபதியாக்கும் வாதம். இரண்டாவதற்கு ஆங்கிலத்தைப் பார்க்கச் சொல்வேன். நம்மவர் பெருமையோடு உச்சரிக்கும் 'டோக்' என்னும் வினை, கதை என்று பொருள்படும் 'டேல்' என்னும் சொல்லோடு ஒரே வேரிற் பிறந்தது. அதன் உடன்பிறப்பான 'டெல்' பழைய ஆங்கிலத்தில் எண்ணுதலையும் குறித்தது. வங்கியிற் காசு எண்ணுபவர் இன்றும் 'டெல்லர்' எனப்படுவது அதனாலேயே. கதையிலிருந்து பேச்சுக்கு வந்த சொல்லை ஆங்கிலேயன் கொச்சை என்று ஒதுக்கவில்லை. நாமோ, வடமொழிப் பெயரைத் தமிழ் வினையாக்கி, கதைத்தான், கதைக்கிறான், கதைப்பான் என்று மூன்று காலமும் காட்டிய நம் முன்னோரின் திறனைக் கண்டு வெட்கப்படுகிறோம்!

இதனினும் வருந்தத்தக்கது 'பறைதல்' அடைந்த கதி. சொல்லுதல் என்ற பொருளில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அதனைத் தந்திருக்கிறது. கேரளத்தில் அமைச்சரும் அதனையே வழங்குகிறார், ஆட்டோ ஓட்டுநரும் அதனையே வழங்குகிறார். பறோவும் எமனோவும் 1961 இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதி, இவ்வினையைத் தருகிறது. யாழ்ப்பாணத்திலோ, குழந்தையை அதட்டும் "பறையாதை" என்பதற்குள் அது ஒடுங்கிக் கிடக்கிறது. படித்தவர் வாய் அச்சொல்லைத் தவிர்ப்பது ஏன்? அதில் ஒரு சாதிப் பெயரின் ஒலி கேட்கிறது, காரணம் அவ்வளவுதான். 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயக் கதவைத் திறக்கக் கேட்டுப் போராடினார்கள். நம் நாவின் கதவை எவர் திறப்பது?

நானும் குற்றவாளியே. 1995 இடப்பெயர்வின் பின், தென்மராட்சியில் ஒரு பாடசாலை விறாந்தையில் தங்கியிருந்த முதியவர் ஒருவர், "எங்களோடை ஒருத்தரும் வந்து பறையேல்லை" என்றார். செய்தியை எழுதும்போது அதனை "எம்முடன் எவரும் வந்து பேசவில்லை" என்று திருத்தினேன். நல்ல தமிழ் எழுதிவிட்டதாக அன்று நிறைவும் கொண்டேன். உண்மையிற் செய்தது என்ன? வீடும் வளவும் இழந்து வந்த மனிதரிடம் மிஞ்சியிருந்த சொல்லையும் நான் பிடுங்கிக்கொண்டேன்.

பிழை திருத்தும் பேனாவைக் கையிற் பிடித்திருக்கும் ஆசிரியர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் ஒன்று சொல்வேன். கட்டுரைக்குரிய நடையைத் தாராளமாகக் கற்பியுங்கள்; நானும் அந்நடையிலேயே இதை எழுதுகிறேன். ஆனால் ஒருவர் தம் வாயாற் சொன்னதை அவர் சொன்னபடியே அச்சிடுங்கள். அந்தப் பையனுக்கு 'பேசுதல்' தெரியட்டும். 'கதைத்தல்' பிழையென்று மட்டும் சொல்லாதீர்கள். அவன் அம்மம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர் கதைக்கக் காத்திருக்கிறார்.