பனைவிளைகளுக்கு ஒரு பாதை

பிரான்சின் அல்சாஸ் பகுதியில் திராட்சைத் தோட்டங்களையும் ஒயின் கிராமங்களையும் இணைத்து 1953இல் ஒரு பயணப் பாதை வகுத்தார்கள். நீளம் ஏறத்தாழ 170 கி.மீ. இன்று அங்கே சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறவர்கள் ஏராளம். ஒயின், புட்டியில் அடைத்து உலகத்தின் எந்த மூலைக்கும் அனுப்பக்கூடிய சரக்கு. அப்படியிருந்தும் அது விளைகிற மண்ணை மிதித்துப் பார்க்கவே மனிதர்கள் கடல் தாண்டிப் போகிறார்கள். குமரி மாவட்டத்தின் அக்கானி, அதாவது பதநீர், அப்படி ஊர்விட்டு ஊர் போகாது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினாலும் வெயில் ஏற ஏறச் சுவை மாறிவிடும். குடிக்கிறவர்தான் மரத்தடிக்கு வர வேண்டும். அவர் வருவதற்கு நாம் இதுவரை வழி செய்யவில்லை.

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் சூரிய உதயம் பார்க்கிறார்கள், விவேகானந்தர் பாறைக்குப் படகில் போகிறார்கள், சுசீந்திரத்தில் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அவர்கள் உதயத்துக்காகக் கடற்கரையில் காத்திருக்கும் அதே நேரத்தில், சில மைல் தள்ளி விளைகளில், அதாவது பனந்தோப்புகளில், பனையேறி மரத்தில் இருக்கிறார். பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டு, நிறைந்த கலயத்தோடு இறங்குகிறார். பன்னாடையில் அரித்து ஓலைப்பட்டையில் ஊற்றித் தருகிற அந்த அக்கானியில் பச்சை மாங்காயை நறுக்கிப் போட்டுக் குடித்தவர்கள் குளிர்பானக் கடையை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். வீட்டு முற்றத்தில் பெண்கள் அடுப்பு மூட்டியிருப்பார்கள். பொங்கி வழியப் பார்த்தால் ஆமணக்கு விதையைத் தட்டிப் போடுவார்கள். பாகு பதமானதும் சிரட்டைகளில் ஊற்றினால் கருப்பட்டி. புகையிலும் வெக்கையிலும் மணிக்கணக்காக நின்று கிண்டுகிற இந்த வேலையைக் கண்ணால் பார்த்தவர் கருப்பட்டிக்கு விலை பேச மாட்டார்.

இந்த இடத்தில்தான் பாதை வகுப்பது வருமானத்தோடு சேருகிறது. சந்தையில் சீனி கலந்த கருப்பட்டி மலிந்துகிடக்கிறது. நல்லதையும் கலப்படத்தையும் வாங்குகிறவர் பிரித்தறிவது கடினம். எனவே அசல் கருப்பட்டிக்குரிய விலை அதைக் காய்ச்சியவருக்குக் கிடைப்பதில்லை. அடுப்பின் முன்னால் நின்று வாங்குகிறவருக்கு வேறு முத்திரை தேவையில்லை. பனையேறிக்கும் நடுவில் ஆள் இல்லாத காசு.

நடந்தோ சைக்கிளிலோதான் வர வேண்டும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. விளைகளுக்குள் போகிற செம்மண் தடங்களில் பேருந்து நுழையாது, நுழையவும் கூடாது. நாகர்கோவில் – மார்த்தாண்டம் நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டுவது உயிரைப் பணயம் வைக்கிற காரியம். ஆனால் இந்த மாவட்டத்துக்குக் கால்வாய்க் கரைகள் இருக்கின்றன. 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீரை ஊர் ஊராகக் கொண்டுபோகும் கால்வாய்கள் ஒருபக்கம். தேங்காய்ப்பட்டணம், மண்டைக்காடு வழியாகக் கடலோரம் வெட்டப்பட்ட ஏ.வி.எம். கால்வாய் இன்னொரு பக்கம். 1860இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய அந்த நீர்வழி இன்று பல இடங்களில் தூர்ந்து, குப்பை கொட்டுகிற இடமாகிவிட்டது. அதன் கரையைச் செப்பனிட்டுத் தென்னை நிழலில் ஒரு சைக்கிள் தடம் போட்டால் கால்வாயும் பிழைக்கும். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் 115 அடி உயரத்தில், கால்வாய்த் தண்ணீருக்குப் பக்கத்திலேயே நடந்துபோகிற அனுபவம் ஏற்கெனவே மக்களுக்குப் பிடித்துப்போன ஒன்று.

நடையும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மாசி மாதம் சிவராத்திரியையொட்டி முஞ்சிறையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 சிவாலயங்களை ஓட்டமும் நடையுமாகச் சுற்றுகிற சிவாலய ஓட்டத்தில் வழியெங்கும் ஊர்க்காரர்கள் பானகமும் மோரும் கொடுக்கிறார்கள். வழிப்போக்கரை உபசரிக்கிற பழக்கத்தை இங்கே யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அக்கானிப் பருவமும் அதையொட்டிய மாதங்களில்தான் வருகிறது. மும்பையிலிருந்து நாகர்கோவில் வரை பனைகளைத் தேடி பைக்கில் வந்த காட்சன் சாமுவேல், அந்தப் பயணத்தைப் ‘பனைமரச் சாலை’ என்ற நூலாக எழுதியிருக்கிறார். பனைக்காக மனிதர்கள் பயணம் போவார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

கள் பற்றிய கேள்வி இந்த இடத்தில் எழும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. இந்தத் தடை நீங்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை; அக்கானிக்குத் தடை கிடையாது. கலயத்தில் சுண்ணாம்பு போதவில்லை, இது கள்தான் என்று யாராவது வழக்குப் போட்டுவிடுவார்களோ என்ற பயம் பனையேறிக்கு இருக்கக் கூடாது. அதை அரசு உறுதிசெய்ய வேண்டும். 2021இல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகள் கொடுப்பதாக அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு. ஆனால் பனை பாளை விடப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் ஏறுகிறவர் இல்லாமல் போனால் மரம் இருந்து என்ன பயன்?

பெரிய திட்டமாகத் தொடங்க வேண்டாம். வருகிற மாசியில் ராஜாக்கமங்கலம் பக்கமோ கருங்கல் பக்கமோ ஒரு தடத்தை எடுத்துக்கொள்ளலாம். எந்த விளையில் எத்தனை மணிக்கு அக்கானி இறங்கும், எந்த வீட்டில் கருப்பட்டி காய்ச்சுகிறார்கள், ஒரு பட்டை அக்கானிக்கு என்ன விலை என்பதைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். அந்த விலையைப் பனையேறிகளே நிர்ணயிக்கட்டும்.