கண்ணாடி மாட்டினால் காற்று போய்விடுமா?

தாம்பரம், பெருங்களத்தூர் வட்டாரத்து பைக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. பைபாஸில் 80-ஐத் தாண்டினால் தலை கிடுகிடுவென ஆடுகிறதா? முன்னால் ஒரு கண்ணாடி மாட்டு. இன்னும் ஆடுகிறதா? அதைவிடப் பெரிய கண்ணாடி மாட்டு. இந்த நம்பிக்கைக்கு நூறு வருஷம் ஆயுசு கொடு சாமி என்று ஜி.பி. ரோட்டு ஆக்சசரீஸ் கடைக்காரர்கள் வேண்டிக்கொள்ளலாம் :)

கொடுமை என்னவென்றால், பல பைக்குகளில் தலையை ஆட்டுவதே அந்தக் கண்ணாடிதான். எதிரே வரும் வெறும் காற்று தள்ளும், ஆனால் ஒரே சீராகத் தள்ளும். கண்ணாடியில் மோதி மேலேறும் காற்றோ அதன் மேல் விளிம்பில் பிய்ந்து, சுழல் சுழலாகப் பின்னால் வரும். கண்ணாடிக்குப் பின்புறம் அழுத்தம் குறைவு என்பதால் சுழல்கள் அந்தப் பக்கமாகச் சரியும். அங்கே ஹெல்மெட் இருந்தால் முடிந்தது.. நொடிக்குப் பல தடவை மண்டையில் குட்டு.

கண்ணாடி தாழ்வாக இருந்து நெஞ்சுக் காற்றை மட்டும் தடுத்தால் தலைக்குச் சுத்தமான காற்று கிடைக்கும். சுழல் தலைக்கு மேலே போகிற அளவு உயரமாக இருந்தாலும் தப்பலாம். இரண்டும் கெட்டான் உயரம்தான் இம்சை. அஞ்சரை அடி ஆளுக்குப் பொருந்துவது ஆறடி ஆளுக்குப் பொருந்தாது. ஆனால் கடையில் பைக் மாடலைக் கேட்பார்களே தவிர, ஓட்டுகிறவர் உயரத்தைக் கேட்க மாட்டார்கள். விலை கூடின டூரிங் பைக்குகளில் கண்ணாடியை ஏற்றி இறக்க வசதி வைத்திருப்பது சும்மா அழகுக்கா என்ன?

காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு நாள் அந்தக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது. யாரும் செய்வதில்லை. காசு கொடுத்து வாங்கியாயிற்றே!

தலை ஆடுவதோடு போனால் பரவாயில்லை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கி.மீ. போகிற அவுட்டர் ரிங் ரோடு கிட்டத்தட்ட தெற்கு வடக்காக ஓடுகிறது. கோடை மதியத்தில் கடற்காற்று கிழக்கிலிருந்து, அதாவது வடக்கே போகிறவருக்கு வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். ஹேண்டில்பாரோடு சேர்த்து மாட்டிய பெரிய கண்ணாடி அந்தக் காற்றை வாங்கி ஹேண்டிலையே திருப்பும். போதாததற்கு, வலப்பக்கம் முந்துகிற கன்டெய்னர் லாரி முதலில் பைக்கை இடப்பக்கம் தள்ளும், தாண்டும்போது தன் பக்கம் இழுக்கும். கன்னியாகுமரி வரை போகிறவருக்கு நெஞ்சில் காற்று அறையாமல் இருக்கக் கண்ணாடி உதவும், மறுக்க முடியாது. தினமும் ஒரகடம் போய் வருகிறவருக்கு எதற்கு?

ஹெல்மெட் கதை தனி. 2015 ஜூலை 1 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் தமிழ்நாட்டில் கட்டாயம் கறாரானது, 2022-ல் அபராதம் 1000 ரூபாய் ஆனது. அதற்குப் பயந்து தலையில் கவிழ்த்த தொளதொள ஹெல்மெட் காற்றில் ஆடாமல் என்ன செய்யும்? வாரைப் பூட்ட வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. கன்னத்தை இறுக்கிப் பிடிக்கிற சைஸ், பூட்டிய வார், இந்த இரண்டும் எந்தக் கண்ணாடியையும் விட அதிகம் செய்யும். முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் மோட்டோகிராஸ் ஹெல்மெட் ஸ்டைல்தான், ஆனால் அந்த மூக்கு காற்றுக்குப் பாய்மரம்.

காதை யாரும் நினைப்பதே இல்லை. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷின் கணக்கு. 100-ல் போகும்போது ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் சர்வசாதாரணமாக 90-ஐத் தாண்டும். காதில் வைக்கிற பஞ்சு மாதிரியான நுரை அடைப்பான் சில ரூபாய்தான். (இயர்போனில் பாட்டுக் கேட்பது இதில் சேராது.)

எல்லாவற்றையும் விட மலிவான வழி ஆக்சிலேட்டரில் இருக்கிறது. காற்றின் தள்ளு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறும். 100-லிருந்து 80-க்கு இறங்கினால் 36 சதவீதம் குறைகிறது. 20 கி.மீ. ஓட்டத்தில் அதனால் கூடுவது 3 நிமிஷம். அந்த 3 நிமிஷத்தைப் பெருங்களத்தூர் நெரிசல் எப்படியும் பிடுங்கிக்கொள்ளத்தான் போகிறது.