களையெடுப்பவருக்கு எண் இல்லை

விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கும் பணி தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் தொடங்கியது. ஆதார், அதனுடன் இணைத்த கைபேசி, பட்டா ஆகியவற்றுடன் முகாமுக்குப் போனால் பதிவு முடிந்துவிடும். பிரதமரின் கிசான் தவணை முதல் மானியங்கள் வரை இனி எல்லாம் இந்த எண்ணின் வழியாகத்தான் என்கிறார்கள். அதே ஆண்டு ஜூலை 24 அன்று மத்திய அரசு தேசியக் கூட்டுறவுக் கொள்கையை வெளியிட்டது. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பெண்களையும் கூட்டுறவுக்குள் கொண்டுவரப்போவதாக அதில் வாக்குறுதி. பட்டா இல்லை என்று வாசலில் நிறுத்தப்பட்ட பெண்ணிடம் இந்தக் கொள்கையை யார் வாசித்துக் காட்டுவது?

விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வரை வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கிடக்கும் மானாவாரி பூமி. குதிரைவாலி, கம்பு, உளுந்து, மல்லி, பருத்தி என்று மழைக்கேற்ற வெள்ளாமை. பட்டாதாரர்களில் பலர் மதுரையிலும் திருப்பூரிலும் சென்னையிலும் குடியேறிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன காடுகளில் பாதி சீமைக்கருவேலம். மீதியை வாரத்துக்கோ வாய்மொழிக் குத்தகைக்கோ யாரோ பாடுபடுகிறார்கள். களையெடுப்பும் பருத்தியெடுப்பும் கதிரறுப்பும் பெரும்பாலும் பெண்கள் வேலை. அதிலும் பட்டியல் சாதிப் பெண்கள். வாய்மொழிக் குத்தகைக்கு ரசீது கிடையாது. ரசீது இல்லாததால் அடங்கல் என்ற சாகுபடிப் பதிவேட்டில் பெயர் ஏறாது. அடங்கலில் பெயர் இல்லாதவருக்குப் பயிர்க்கடனும் இல்லை, காப்பீடும் இல்லை, வறட்சி நிவாரணமும் இல்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இலேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. அதைக் காட்டிப் பதிவு கேட்பவருக்கு அடுத்த வருடம் நிலம் கிடைக்காது என்பது கரிசல் காட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வேளாண் நில உடைமைகள் சுமார் 79 லட்சம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைச் சாகுபடியாளர் என்று சொன்னவர்கள் சுமார் 42 லட்சம். வேளாண் தொழிலாளர்கள் சுமார் 96 லட்சம். உழவரைவிட நில உடைமை கிட்டத்தட்ட இரு மடங்கு இருக்கும் விசித்திர மாநிலம் இது. ஒரு கணக்கெடுப்பின் அளவுகோல் வேறு, மற்றதன் அளவுகோல் வேறு என்று புள்ளியியல் துறையினர் விளக்குவார்கள். விளக்கட்டும். நிலம் பெயரில் இருப்பவருக்குத்தான் எண். 96 லட்சம் பேரைப் பற்றி எந்த முகாமும் கேட்பதில்லை. நாடு முழுவதும் எடுத்துக்கொண்டாலும் மக்கள்தொகையில் 16.6 சதவீதமாக இருக்கும் பட்டியல் சாதியினர் கையில் உள்ள சாகுபடிப் பரப்பு 9 சதவீதத்தைத் தொடவில்லை.

இதே கதையை அமெரிக்காவின் பருத்திக்காடுகள் முன்பே பார்த்துவிட்டன. 1920இல் அங்கே கறுப்பின விவசாயிகள் சுமார் 9.25 லட்சம் பேர். ஒரு நூற்றாண்டில் அது 50 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. கடன் மறுத்த அரசு அலுவலகங்களும் வாரிசுச் சிக்கல்களும் நிலத்தைப் பிடுங்கின. மிசிசிப்பி மாநிலத்தின் டெல்டா பகுதியில், இயந்திரம் வந்ததும் பருத்தியெடுப்பு வேலையும் போயிற்று. 1967இல் மவுண்ட் பாயூ என்ற ஊரில் மருத்துவர் ஜாக் கைகர் முதலானோர் ஒரு சமூக சுகாதார நிலையம் திறந்தார்கள். வந்த குழந்தைகளுக்கு இருந்த நோய் பசி. மருந்துச் சீட்டில் பாலும் காய்கறியும் இறைச்சியும் எழுதினார்கள். மளிகைக் கடைக்காரருக்கு மருந்துக் கணக்கிலிருந்து பணம் போனது. மேலிடத்திலிருந்து ஆட்சேபம் வந்தது. பசி என்ற நோய்க்கு மருத்துவ நூல் சொல்லும் மருந்து உணவுதானே என்று கைகர் திருப்பிக் கேட்டார்.

அதோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டே அங்கே வடக்கு பொலிவர் பண்ணைக் கூட்டுறவு பிறந்தது. நிலம் இழந்த குடும்பங்கள் சேர்ந்து காய்கறியும் பயறும் பயிரிட்டன. உழைத்த குடும்பத்துக்கு விளைச்சலில் பங்கு. அதை நடத்தியவர்களில் முன்னால் நின்றவர் எல்.சி. டார்சி என்ற பெண். வாரத்துக்கு உழுத குடும்பத்தில் பிறந்து பருத்தியெடுத்து வளர்ந்தவர், பின்னாளில் முனைவர் பட்டம் பெற்று அதே சுகாதார நிலையத்தின் தலைவரானார். பக்கத்து சன்ஃப்ளவர் மாவட்டத்தில் ஃபேனி லூ ஹேமர் 1969இல் சுதந்திரப் பண்ணைக் கூட்டுறவைத் தொடங்கினார். குடும்பத்துக்கு ஒரு பெண் பன்றியைக் கொடுத்து, குட்டிகளில் சிலவற்றைத் திரும்பப் பெற்று, அடுத்த குடும்பத்துக்குத் தரும் ‘பன்றி வங்கி’ அவருடையது. வாக்குரிமை கேட்டதற்காக வேலையையும் வீட்டையும் இழந்தவர் அவர். சோற்றுக்குப் பண்ணையாரை அண்டியிருக்கும் வரை வாக்கும் சொந்தமில்லை என்று கண்டுகொண்டவர். ஹேமரின் பண்ணை 1970களின் நடுவில் பணமில்லாமல் மூடப்பட்டது என்பதும் உண்மை. அரசு தோள் கொடுக்காததன் விளைவு அது.

இதைச் சொன்னால் ‘கூட்டுறவுக்குள் சாதியைக் கொண்டுவராதீர்கள்’ என்று ஒரு கூட்டம் கிளம்பும். ஊர் கடன் சங்கத்தின் தலைவர் நாற்காலியில் எந்தத் தெருக்காரர்கள் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டு அவர்கள் பேசட்டும். குத்தகைக்காரருக்கு எண் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்கள் இன்னொரு வகை. பயிர்க்கடனையும் நிவாரணத்தையும் உழுதவர் கேட்டால் சர்வே எண் மாறிவிடுமா? பட்டாவைக் காட்டித் தான் உழாத நிலத்துக்கு மானியம் வாங்குகிறவரின் கவலை அது; அதை விவசாயிகளின் கவலை என்று எழுதுவது மோசடி.

விருதுநகர், மத்திய அரசு 2018இல் அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்று. 2020இல் வந்த பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், இத்தகைய மாவட்டங்களில் ஒன்றியத்துக்கு ஒன்றாவது வேண்டும் என்று விதி. நிர்வாகக் குழுவில் குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும் என்றும் விதி. ஒரு பெண்! காட்டில் பாதிக்கு மேல் வேலை செய்பவருக்குக் குழுவில் ஒற்றை நாற்காலி. பட்டியல் சாதியினருக்கோ ‘சிறப்புக் கவனம்’ என்ற சொல் மட்டும். உற்பத்தியாளர் நிறுவனச் சட்டம் முதல்நிலை விளைபொருள் சார்ந்த எந்த வேலை செய்பவரையும் உற்பத்தியாளராக ஏற்கிறது. பட்டா கேட்பது நடைமுறையில் வளர்ந்த கெட்ட பழக்கம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களின் நிலை இதைவிடக் கேவலம். 2018இல் தேர்வான நிர்வாகக் குழுக்களின் காலம் 2023இல் முடிந்ததும் சங்கங்கள் செயலாட்சியர் கைக்குப் போயின. தேர்தலே நடக்காத சங்கத்திலிருந்து ஒரு டார்சி எப்படி வருவார்?

தெலங்கானாவின் ஜஹீராபாத் வறண்ட காட்டில் வந்தார்கள். 1983இல் தொடங்கிய தக்காண மேம்பாட்டுச் சங்கத்தின் கிராமச் சங்கங்களில் தலித் பெண்கள் தரிசை உழுது சோளமும் தினையும் விளைவித்தார்கள். ஊரிலேயே விதை சேமித்தார்கள். உள்ளூர்ச் சோளத்தை உள்ளூர் ஏழைகளுக்கே மலிவாகக் கொடுக்கும் மாற்று ரேஷனையும் நடத்தினார்கள். 2008இல் அவர்களுக்கென்று ஒரு சமூக வானொலி, 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது. கரிசல் சீமையில் அது ஏன் முடியாது?

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21). திருச்சுழிப் பக்கம் விளையும் குதிரைவாலி நகரத்துக் கடைகளில் ‘ஆரோக்கிய உணவு’ என்ற அட்டையோடு அடுக்கப்படுகிறது. விளைவித்தவர் வீட்டில் ரேஷன் அரிசி. நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2023 முதல் ரேஷனில் கேழ்வரகு கொடுக்க முடிந்த அரசுக்கு, விருதுநகர் மாவட்டத்தில் பெண்கள் சங்கத்திடம் குதிரைவாலி வாங்கி அதே ரேஷனிலும் சத்துணவிலும் கொடுக்க என்ன தடை? நிலமற்ற பட்டியல் சாதிப் பெண்கள் நிலம் வாங்க 5 லட்சம் ரூபாய் வரை மானியம் தரும் தாட்கோவின் நன்னிலம் திட்டம் நல்லதுதான். ஆனால் ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கொடுக்கும் திட்டம் அது. விற்பவர் மனம் வைத்தால்தான் நிலம்.

எனவே மூன்று காரியங்கள். உழும் கைக்கு, கிராமசபை சான்றளித்தால் போதும் என்று அடையாள எண். கருவேலம் மண்டிய அரசுத் தரிசும், 1892 அரசாணைப்படி ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கி இன்று பிறர் கையில் இருக்கும் பஞ்சமி நிலமும் பெண்கள் சங்கங்களுக்கு நீண்டகாலக் குத்தகையாக. கூட்டுறவுத் தேர்தல், அதில் தலைவர் பதவிக்கே சுழற்சி இடஒதுக்கீடு. இவை நடந்தால் இந்தச் சீமையில் ரத்தசோகையும் குறையும்.

2023 மே மாதத்துக்குப் பின் மாநிலத்தின் வருவாய்த் துறையை அருப்புக்கோட்டைத் தொகுதிக்காரரும் நிதித் துறையைத் திருச்சுழித் தொகுதிக்காரரும் கையில் வைத்திருந்தார்கள். பட்டாவும் பணமும் பக்கத்து ஊர்க்காரர்களிடம் இருந்தபோதே நடக்காத காரியம் இது. தடையாக இருப்பது சட்டமும் கஜானாவும் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். களையெடுப்பவளை உழவர் என்று எழுத மறுக்கும் அரசுக்குக் கூட்டுறவு என்ற சொல்லைப் பயன்படுத்தும் தகுதி கிடையாது.