புட்டிக்குள் என்ன? பாட்டாளி கேட்கிறான்!

விஸ்கிக்கு மார்க் போடுகிறார்கள், தோழர்களே! பள்ளிப் பிள்ளையின் கணக்குத் தாளுக்குப் போடுவது போல, நூற்றுக்கு இத்தனை என்று மார்க். வயிறு பருத்து வாய் குவிந்த கண்ணாடிக் கிண்ணம் ஒன்று. அதிலே இரண்டு விரற்கடை விஸ்கி. கனதனவான் அதை உடனே குடித்துவிடுவதில்லை. விளக்குக்கு நேரே தூக்கி நிறம் பார்க்கிறார். மூக்கை நுழைத்து மணம் பிடிக்கிறார். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடியும் முகர்கிறார். பிறகுதான் ஒரு வாய். நாக்கிலே புரட்டி, கண்ணை மூடி, தேன் மணக்கிறது என்கிறார். புகை மணக்கிறது என்கிறார். காய்ந்த திராட்சை என்கிறார். பழைய தோல் நாற்காலி என்றுகூடச் சொல்கிறார். அதை எழுதி, அச்சிட்டு, புத்தகமாக விற்கிறார்கள். வாங்கிப் படிக்கவும் உலகெங்கும் ஆள் இருக்கிறது!

பிடிக்கவில்லை என்றால்? அப்போதுதான் இருக்கிறது வேடிக்கை. "பத்தாயிரம் கொடுத்தேன், பாழாய்ப் போயிற்று" என்று ஒருவர் புலம்புகிறார். எத்தனை ஆண்டு பீப்பாயில் கிடந்தது என்று போடாமல் மறைத்துவிட்டான் என்கிறார் இன்னொருவர். நிறம் கூட்டச் சாயம் சேர்த்திருக்கிறான், தண்ணீரைக் கூட்டி வீரியத்தைக் குறைத்துவிட்டான் என்று மூன்றாமவர் முறையிடுகிறார். கம்பெனிக்காரனும் காது கொடுத்துக் கேட்கிறான். அடுத்த புட்டியில் வயதைப் போடுகிறான், வீரியத்தைக் கூட்டுகிறான். மார்க்குக்கு அவ்வளவு மதிப்பு! பெங்களூரில் காய்ச்சிய அம்ருத் ஃப்யூஷன் என்ற விஸ்கிக்கு, 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் ஜிம் மர்ரே என்ற ஆங்கிலேயர் 97 மார்க் போட்டு, உலகிலேயே மூன்றாவது என்று எழுதினார். அதுவரை இந்திய விஸ்கி என்றாலே உதட்டைப் பிதுக்கிய வெள்ளைக்காரன், அன்று முதல் புட்டியைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினான். (அந்த மர்ரேயின் வருணனைகள் பெண்களை இழிவுபடுத்துகின்றன என்று 2020இல் எதிர்ப்பு எழுந்து, கடைக்காரர்கள் பலர் அவர் புத்தகத்தை விற்க மாட்டோம் என்றார்கள். மார்க் போடுகிறவனுக்கும் மார்க் போட ஆள் உண்டு போலும்!)

சீமான்களின் இந்த விளையாட்டைக் கண்டு நாம் சிரிக்கலாம். ஆனால் சிரிப்பதோடு விட்டுவிட மனம் ஒப்பவில்லை. ஏனென்றால் அந்தச் சீமான் கேட்கிற கேள்வி இருக்கிறதே, அது நியாயமான கேள்வி. "காசு கொடுத்தேன், உள்ளே இருப்பது என்ன, சொல்!" இதைத்தான் அவர் கேட்கிறார். கேட்கிற உரிமை அவருக்கு இருக்கிறது. அந்த உரிமை அம்பத்தூர்த் தொழிலாளிக்கு ஏன் இல்லை?

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குடியுங்கள் என்று சொல்ல இந்தப் பேனா எழவில்லை. குடியால் கெட்ட குடும்பங்களை எண்ணுவதற்கு ஆவடியில் ஒரு தெரு போதும். ஆனால் குடிக்கிறவன் ஏமாற்றப்படலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே!

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரண்டாம் ஷிப்டு முடிகிறது. லேத்திலே நின்று கால் மரத்துப்போனவன் நேரே டாஸ்மாக் கடைக்குப் போகிறான். கடை முகப்பில் இரும்புக் கம்பி வலை. வலையின் ஓட்டைக்குள்ளே காசை நீட்டுகிறான். "குவார்ட்டர்" என்கிறான். எந்தக் குவார்ட்டர்? அதை அவன் தீர்மானிப்பதில்லை. அன்று எது வந்திருக்கிறதோ, எதைத் தள்ளிவிட வேண்டுமோ, அது அவன் கைக்கு வருகிறது. புட்டியில் ஒரு விலை அச்சடித்திருக்கிறது. கேட்கிற விலை அதற்குமேல் பத்து ரூபாய். பில் கேட்டால், பின்னால் நிற்பவன் முதுகைத் தள்ளுகிறான். மணமாவது, நிறமாவது! கசந்தால் ஊறுகாய், எரிந்தால் சோடா. மறுநாள் தலை பிளந்தால், "நேற்றுச் சரக்கு சரியில்லை" என்று பக்கத்து மெஷின்காரனிடம் முணுமுணுப்பான். அதுதான் அவன் எழுதும் விமர்சனம். அதை எவன் அச்சிடுகிறான்?

அதே டாஸ்மாக்கின் இன்னொரு முகத்தைப் பாருங்கள். வணிக வளாகங்களுக்குள் 'எலைட்' கடைகள். குளிர்ந்த காற்று, கண்ணாடி அலமாரி. விரும்பிய புட்டியைக் கையால் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம், வேண்டாமென்றால் வைத்துவிடலாம். கோயம்பேட்டுப் பக்கம் ஒரு வளாகத்தில், காசு கட்டினால் தானே புட்டியைத் தள்ளும் இயந்திரத்தைக்கூட 2023இல் வைத்து, அது ஊரெல்லாம் பேச்சாயிற்று. ஒரே நிறுவனம், ஒரே முத்திரை. ஒருவனுக்குக் கண்ணாடி அலமாரி, மற்றவனுக்குக் கம்பி வலை!

சரி, அந்தக் குவார்ட்டருக்குள் இருப்பதுதான் என்ன?

ஐரோப்பிய நாடுகளின் சட்டப்படி விஸ்கி என்றால் தானியத்தில் காய்ச்சியிருக்க வேண்டும். மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு கிடந்திருக்க வேண்டும். நூற்றுக்கு நாற்பது பங்குக்குக் குறையாத சாராயச் சத்து இருக்க வேண்டும். ஸ்காட்லாந்துக்காரன் புட்டியில் 12 ஆண்டு என்று போட்டால், உள்ளே கலந்தவற்றில் மிக இளையதற்கும் 12 வயது ஆகியிருக்க வேண்டும். அவனும் நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரைச் சாயம் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பீப்பாயில் கிடக்க வைக்காமல் விஸ்கி என்று பெயர் சூட்ட முடியாது.

நம் நாட்டில்? சர்க்கரை ஆலையில் கரும்புச் சாறு காய்ச்சி, சர்க்கரையை வடித்தெடுத்த பின் மிஞ்சுகிற கரிய பாகு இருக்கிறதே, மொலாசஸ், அதைப் புளிக்கவைத்துக் காய்ச்சி, மணமும் சுவையும் போகும்வரை வடித்தெடுத்த சாராயம் ஒன்று உண்டு. அல்லது உடைந்த அரிசியில் காய்ச்சிய அதே மாதிரிச் சாராயம். இதிலே தண்ணீர் விட்டு, சாயம் சேர்த்து, வாசனை சேர்த்துப் புட்டியில் அடைக்கிறார்கள். ஒரு வாசனை சேர்த்தால் விஸ்கி, மற்றொன்று சேர்த்தால் பிராந்தி, இன்னொன்று சேர்த்தால் ரம்! மலிவு ரகங்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். நம் பக்கத்தில் பிராந்திக்கு மவுசு அதிகம். ஆனால் அதிலே எத்தனை துளி திராட்சையிலிருந்து வந்தது என்று எந்தக் குடிகாரனுக்குத் தெரியும்? உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் மதுபானங்களுக்கென விதி வகுத்து, 2019 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்த விதியும் இந்த நடுநிலைச் சாராயத்தை விஸ்கிக்குள் அனுமதிக்கிறது. இந்திய விஸ்கியில் பெரும்பகுதி ஐரோப்பாவிலே விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாததற்குக் காரணம் இதுவே. ஆனால் உலகில் அதிகம் விற்கும் விஸ்கி எது தெரியுமா? மெக்டவல்ஸ்! 2023இல் மட்டும் 9 லிட்டர்ப் பெட்டிக் கணக்கில் 3 கோடிப் பெட்டிக்கு மேல். உலகமே மலைக்கிற அந்தக் கணக்கு உழைப்பாளியின் தொண்டையில் இறங்கிய கணக்கு.

சட்டம் அனுமதிக்கிறது, ஆகவே குற்றமில்லை என்பார்கள். குற்றம் என்று நாமும் சொல்லவில்லை. இது கரும்புப் பாகுச் சாராயம், இதிலே சேர்த்திருப்பது இன்ன சாயம், இன்ன வாசனை என்று தமிழிலே, கண்ணுக்குத் தெரிகிற எழுத்திலே போட்டுவிட்டு விற்கட்டும். குதிரைப் படமும் கோட்டைப் படமும் கொட்டை எழுத்து இங்கிலீஷும் முன்னால். உள்ளிருக்கும் சங்கதியெல்லாம் எறும்பு ஊர்வது போன்ற பொடி எழுத்தில் பின்னால். பூதக்கண்ணாடி கொண்டா குவார்ட்டர் வாங்கப் போவான்?

ஆவடியிலே இன்னொரு நம்பிக்கை உண்டு. "மிலிட்டரி கேண்டீன் சரக்கு என்றால் அது தனி" என்பார்கள். 1965இல் விஜயந்தா டாங்கி உருண்டு வெளிவந்த ஊர், படை வீரர்களும் ஓய்வு பெற்றவர்களும் நிறைந்த ஊர். கேண்டீன் அட்டை உள்ள மாமனோ மச்சானோ இல்லாத குடும்பம் குறைவு. வரி குறைவு, ஆகவே அங்கே விலை குறைவு, அது உண்மை. சரக்கே வேறா? அதை எவனும் சோதித்துப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த நம்பிக்கை நமக்கு ஒன்றைச் சொல்கிறது. கடைச் சரக்கைத் தொழிலாளி நம்பவில்லை! தன் நாக்கு சொல்வதைச் சொல்ல இடமில்லாதவன், வேறொரு புட்டியின்மேல் நம்பிக்கையை ஏற்றி வைக்கிறான்.

இந்த ஓரவஞ்சனை நேற்று முளைத்ததல்ல. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1955 ஜனவரியில் இதே ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டபோது, சட்டப்படி ஊரிலே கடை கிடையாது. ஆனால் 'பெர்மிட்' உண்டு! உடம்புக்கு வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், சீமான் வீட்டு அலமாரிக்குச் சீமைச் சரக்கு சட்டப்படி வரும். கூலிக்காரனுக்கோ கள்ளச்சாராயம், இல்லையேல் லாக்கப். 1971இல் கடை திறந்தது, பிறகு மூடியது, 1981இல் மறுபடி திறந்தது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் சர்க்கார் கைக்கே போயிற்று. சட்டங்கள் புரண்டன, ஆட்சிகள் மாறின. புட்டிக்குள் என்ன என்று குடிக்கிறவனிடம் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் மட்டும் எவருக்கும் வரவில்லை.

நாக்கின் சாட்சியம் என்று பேசுகிறோமே, அந்த நாக்கால் கண்டுபிடிக்க முடியாத ஒன்றும் உண்டு. அதைச் சொல்லும்போது நெஞ்சு கனக்கிறது. மெத்தனால்! குடிக்கிற சாராயம் எத்தனால், இது மெத்தனால். தொழிற்சாலைக்கு வேண்டிய கரைப்பான். பார்வைக்கு இரண்டும் தண்ணீர் போல. மணத்திலும் சுவையிலும் பிரித்தறிவது அரிது. வயிற்றுக்குள் போனபின் உடம்பே அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. முதலில் கண் மங்கும். பிறகு மூச்சு முட்டும். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டுப் பக்கத்திலும் இருபதுக்கு மேற்பட்டோர் இப்படித்தான் மடிந்தார்கள். அந்த மெத்தனால் எங்கிருந்து போயிற்று? வானகரத்து இரசாயன ஆலை ஒன்றிலிருந்து என்றது போலீஸ். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நாம் தினமும் பஸ்ஸில் கடக்கிற வானகரம்! அடுத்த ஆண்டு, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரம். அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள். சுமை தூக்கியவர்கள், கூலி வேலைக்குப் போனவர்கள். குவார்ட்டர் வாங்கக் காசு எட்டாததால் பாக்கெட் சாராயத்துக்குப் போனார்கள்.

2024 பிப்ரவரியில்தான் குவார்ட்டருக்கு 10 ரூபாய் ஏற்றினார்கள் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. விலையை ஏற்றினால் குடி குறையும் என்று வாதாடுவோர் உண்டு. சிலரிடம் குறையலாம். குறையாதவன் எங்கே போவான் என்று அவர்கள் சொல்ல வேண்டாமா?

பேரம் பேசுகிற பெரிய மனிதர்களைப் பாருங்கள். 2025 ஜூலையில் பிரிட்டனோடு வணிக ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதிலே ஸ்காட்ச் விஸ்கிக்கு இடமுண்டு! 150 சதவிகிதச் சுங்கம் முதலில் 75 ஆகவும், பத்தாண்டில் 40 ஆகவும் இறங்க வேண்டும் என்று எழுதினார்கள். சீமான் புட்டிக்காக இரண்டு சர்க்கார்கள் ஆண்டுக் கணக்கில் மேஜை போட்டுப் பேசின. கம்பி வலைக்கு வெளியே நிற்பவனுடைய குவார்ட்டருக்காக யார் மேஜை போட்டார்கள்? இத்தனைக்கும் காசு குறைந்தவன் அல்லன் அவன். 2023-24இல் மட்டும் டாஸ்மாக் மூலம் சர்க்காருக்கு வந்த வரி 45,855 கோடி ரூபாய். 'சாதாரணம்', 'நடுத்தரம்', 'உயர்தரம்' என்று சரக்கை மூன்றாகப் பிரித்தும் வைத்திருக்கிறது அந்த நிறுவனம். ஆக, மார்க் போடத் தெரியாதவர்கள் அல்லர்! சாதாரணம் என்ற பெயரில் வருவது எந்த அளவுக்குச் சாதாரணம் என்பதைத்தான் வெளியே சொல்வதில்லை.

இன்னொரு வேடிக்கை. மலையில் காலிப் புட்டிகள் குவிந்து காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்று உயர்நீதிமன்றம் தலையிட்டதால், 2022இல் நீலகிரியில் ஒரு திட்டம் வந்தது. வாங்கும்போது பத்து ரூபாய் கூடுதல். காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். நல்ல திட்டம். காலிப் புட்டிக்குக் கணக்கு வைக்க முடிகிறது. முழுப் புட்டிக்குப் பில் கொடுக்க மட்டும் கை வராதா?

தொழிற்சங்கக் கிளைகளுக்கும் வட்டச் செயலாளர்களுக்கும் இதைச் சொல்லுகிறோம். டாஸ்மாக்கை மூட வேண்டும் என்று போராடுகிற தோழர் போராடட்டும். மூடுகிற நாள்வரை அங்கே நிற்பவன் நம் ஆள். குமட்டுகிற புட்டி, கண் எரிகிற புட்டி, அடியில் வண்டல் தெரிகிற புட்டி கைக்கு வந்தால் வீசி எறியச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு புட்டியிலும் தொகுதி எண், தேதி, தொழிற்சாலைப் பெயர் அச்சடித்திருக்கிறது. அதைக் குறித்து வையுங்கள். கடை எண்ணையும், கொடுத்த விலையையும் பக்கத்தில் எழுதுங்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்று ஊர்களிலும் ஒரு மாதம் இப்படித் திரட்டி, மாவட்ட டாஸ்மாக் மேலாளருக்கும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நகலை நம் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். மதுவிலக்கு ஆயத்தீர்வை மானியக் கோரிக்கை அவைக்கு வருகிற நாளில், வருமானக் கணக்கை அமைச்சர் வாசித்து முடித்ததும், அந்தப் பட்டியலை அவர் எழுந்து நின்று வாசிக்கட்டும்.